நடு சீசனில் ஆள் வாங்கிக் கரை சேர்ந்தது உண்டா?
சென்னையின் எப்.சி. மீது பிளவக்கல் ரசிகர் போடும் கணக்கு

பிளவக்கல்,-

அணையில் தண்ணீர் குறைந்தால் கடையில் வாங்கி வந்து ஊற்ற முடியாது. கால்பந்து டீமில் கோல் குறைந்தால் முடியும் என்கிறார்கள். அதற்கென்றே ஜனவரி மாதத்தைத் திறந்து வைத்திருக்கிறார்கள். பழைய ஆளை அனுப்பலாம், புது ஆளைக் கூட்டி வரலாம். பணம் கொடுத்து வாங்கலாம், மாற்றிக் கொள்ளலாம், நிலத்தைக் குத்தகைக்கு விடுவது போல ஆளையே தவணைக்கு அனுப்பலாம்.

"எல்லாம் சரிதான். அப்படி வாங்குனதால நம்ம டீம் ஒரு தடவையாவது கரை சேர்ந்திருக்கா?" என்று கேட்கிறார் ஒரு ரசிகர்.

கேட்பவர் சென்னைக்காரர் அல்ல. மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில், பிளவக்கல் பெரியாறு, கோவிலாறு அணைகளை நம்பி நெல்லும் தென்னையும் வைத்திருக்கும் வத்திராயிருப்பு பக்கத்துக் குடும்பம். ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் கணக்கு எழுதுகிறார். வயது முப்பதைத் தாண்டிவிட்டது. "பேரைப் போட்ராதீங்க. தோத்த மறுநாள் மில்லுல நிம்மதியா சாப்பிட முடியாது" என்கிறார்.

2014-ல் இந்தியன் சூப்பர் லீக் என்ற ஐ.எஸ்.எல். போட்டி ஆரம்பித்த நாளிலிருந்து இவர் சென்னையின் எப்.சி. ரசிகர். மாலையில் பஞ்சு மார்க்கெட் பக்கம் டீக்கடையில் இவரைப் பிடித்தால் போதும். பேரேடு திறந்த மாதிரி வருஷ வாரியாகக் கணக்கு வரும்.

அணை மட்டமும் புள்ளிப் பட்டியலும்

இந்தப் பக்கத்தில் பேப்பரைப் பிரித்தால் முதலில் தேடுவது அணை மட்டம். பெரியாறு அணை 47 அடிச் சொச்சம், கோவிலாறு அணை 42 அடிச் சொச்சம். ஐப்பசி, கார்த்திகையில் மழை இறங்கி மட்டம் ஏறுகிறதா என்று அப்பா பார்ப்பார். அதே மாதங்களில் மகன் பார்ப்பது ஐ.எஸ்.எல். புள்ளிப் பட்டியல்.

இரண்டுக்கும் காலம் ஒன்றுதான். அக்டோபர் வாக்கில் தொடக்கம், டிசம்பர், ஜனவரியில் பாதி வழி, அதற்குப் பிறகு அறுவடை. பாதி வழியில் மட்டம் இறங்கிக் கிடந்தால் வீட்டில் இரண்டு பேருக்கும் முகம் வாடிவிடும்.

"அப்பாவுக்காவது மழை கைகொடுக்கும். எனக்கு யாரு?" என்று சிரிக்கிறார் மகன்.

சென்னை இங்கிருந்து 500 கிலோ மீட்டருக்கு மேல். பொதிகை எக்ஸ்பிரசில் ராத்திரி ஏறினால் காலையில் எழும்பூர். போவது சுலபம், திரும்புவதுதான் பாடு. நேரு ஸ்டேடியத்தில் ஆட்டம் ராத்திரி 7.30-க்கு ஆரம்பித்தால், முடிவதற்குள் பொதிகை கிளம்பிப் போயிருக்கும். கோயம்பேடோ, கிளாம்பாக்கமோ ஓடி பஸ் பிடித்து, விடிந்து ராஜபாளையத்தில் இறங்கி, நேரே மில்லுக்கு. தோற்றுவிட்டு வரும் ராத்திரிகளில் அந்த பஸ்சில் தூக்கமே வராது என்கிறார்.

இப்படிப்பட்டவர் கேட்கும் கேள்வி என்பதால் அதைச் சும்மா தள்ளிவிட முடியாது.

அடியிலிருந்து கோப்பைக்கு!

முதல் கணக்கு 2015.

அந்த சீசனில் 10 ஆட்டம் முடிந்தபோது சென்னையின் எப்.சி. கையில் இருந்தது 10 புள்ளி. 3 வெற்றி, 1 டிரா, 6 தோல்வி. பட்டியலில் கடைசி வரிசை. பாக்கி இருந்தது நாலே ஆட்டம்.

பயிற்சியாளர் யார் தெரியுமா? இத்தாலி நாட்டு மார்க்கோ மெட்டராசி. 2006 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் பிரான்சு வீரர் ஜிடேன் நெஞ்சில் முட்டித் தள்ளினாரே, அந்த முட்டு வாங்கியவர்தான்.

அந்தக் காலத்தில் சீசனே இரண்டரை மாதம். புதிதாக ஆள் சேர்த்துப் பழக்க ஏது நேரம்? இருந்த ஆட்களை வைத்தே கடைசி நாலு ஆட்டத்தையும் ஜெயித்தார்கள். மூன்றாவது இடத்தில் உள்ளே நுழைந்தார்கள்.

அதற்குள் சென்னையில் வெள்ளம். டிசம்பர் முதல் வாரத்தில் ஊரே மிதந்தது. சொந்த ஊரில் நடக்க வேண்டிய அரை இறுதி ஆட்டம் புனேவுக்குப் போய்விட்டது. அங்கே நடப்பு சாம்பியன் கொல்கத்தாவை 3-0 என்று சாய்த்தார்கள்.

இறுதி ஆட்டம் டிசம்பர் 20-ந் தேதி, கோவா படோர்டா மைதானத்தில். எதிரணி, ஊர்க்காரர்களான எப்.சி. கோவா. 87-வது நிமிடத்தில் கோவா 2-1 என்று முந்திவிட்டது. கோவா ரசிகர்கள் கொண்டாட்டத்தையே ஆரம்பித்துவிட்டார்கள்.

90-வது நிமிடத்தில் கோவா கோல் கீப்பர் கட்டிமணி மேலேயே பட்டு பந்து வலைக்குள் போனது. 2-2. அடுத்த இரண்டே நிமிடத்தில் கொலம்பியா நாட்டு மெண்டோசா ஒன்று போட்டார். 3-2. கோப்பை சென்னைக்கு!

"அன்னைக்கு வீட்டுல டி.வி. முன்னால நான் குதிச்ச குதியில அப்பா முழிச்சுக்கிட்டாரு. 'என்னடா, அணை உடைஞ்சிருச்சா'ன்னு கேட்டாரு" என்கிறார் ரசிகர்.

அந்த சீசனில் மெண்டோசா போட்டது 13 கோல். போட்டியிலேயே அவர்தான் முதல். ஆரம்பத்திலிருந்தே டீமில் இருந்தவர். நடுவில் வாங்கி வந்தவர் அல்ல.

6 ஆட்டம், 5 புள்ளி

இரண்டாவது கணக்கு 2019.

அதற்கு முன் ஒரு விஷயம். 2018 மார்ச் 17-ல் பெங்களூரிலேயே பெங்களூரு எப்.சி.யை 3-2 என்று ஜெயித்து இரண்டாவது கோப்பையைத் தூக்கியது சென்னை. தூக்கிய கை காயுமுன், அடுத்த சீசனில் 18 ஆட்டத்தில் 2 வெற்றி, 9 புள்ளி, கடைசி இடம். அந்த ஜனவரியில் கேரளத்து வீரர் சி.கே.வினீத்தும் ஆஸ்திரேலியாவின் கிரிஸ் ஹெர்டும் வந்து சேர்ந்தார்கள். வந்தும் இடம் மாறவில்லை.

2019-20 சீசனும் அதே கோலத்தில் ஆரம்பித்தது. முதல் நாலு ஆட்டத்தில் ஒரு கோல் கூடக் கிடையாது. ஐந்தாவது ஆட்டத்தில் ஐதராபாத்தை 2-1 என்று கடைசி விநாடிகளில் ஜெயித்தார்கள். ஆறாவது டிரா. மொத்தம் 5 புள்ளி. கோப்பை வாங்கிக் கொடுத்த பயிற்சியாளர் ஜான் கிரிகோரி நவம்பர் கடைசியில் விலகினார்.

டிசம்பரில் வந்தவர் ஸ்காட்லாந்துக்காரர் ஓவன் கோய்ல். இங்கிலாந்தில் பர்ன்லி, போல்டன் போன்ற கிளப்புகளை நடத்தியவர்.

"பேரைக் கேட்டதும் டீக்கடையில ஒரே சிரிப்பு. 'கோவிலாறு இருக்கு, இப்ப கோயிலே வந்திருச்சு, இனி தண்ணி வந்துரும்'னு அண்ணாச்சி சொன்னாரு" என்று நினைவுகூர்கிறார் இவர்.

அண்ணாச்சி வாக்கு பலித்தது.

அடுத்த 12 ஆட்டத்தில் 24 புள்ளி. கொச்சிக்கே போய் கேரளா பிளாஸ்டர்சை 6-3 என்று புரட்டினார்கள். நாலாவது இடம். அரை இறுதியில் கோவாவை இரண்டு ஆட்டமும் சேர்த்து 6-5 என்று மூச்சு வாங்க ஜெயித்தார்கள்.

2020 மார்ச் 14-ந் தேதி கோவாவில் இறுதி ஆட்டம். கொரோனா பயத்தால் ஒரு ரசிகரைக் கூட உள்ளே விடவில்லை. காலி மைதானத்தில் கொல்கத்தாவிடம் 3-1 என்று தோற்றார்கள். ஆனாலும் லிதுவேனியா நாட்டு வால்ஸ்கிஸ் 15 கோல் போட்டு தங்கக் காலணி வாங்கினார்.

இங்கேதான் ரசிகர் விரலை நீட்டுகிறார்.

அவர் சொன்னதாவது:-

"வால்ஸ்கிஸ் யாரு? கிரிவெல்லாரோ யாரு? ஷெம்ப்ரி யாரு? சாங்தே யாரு? எல்லாரும் முதல் ஆட்டத்துல இருந்தே டீம்ல இருந்தவய்ங்க. நாலு ஆட்டம் கோல் போடாத அதே காலுதான். கோய்ல் வந்து காலை மாத்தல. யாரை எங்க நிறுத்தணும், எப்ப முன்னால விடணும்கிறதை மாத்தினாரு. ஆள் அதே ஆள்தான்."

ஒரே ஜனவரியில் இரண்டு!

மூன்றாவது கணக்குக்கு வரும்போது குரல் இறங்குகிறது. 2022 ஜனவரி.

இறுதி ஆட்டம் முடிந்த சில மாதங்களில் கோய்ல் ஜாம்ஷெட்பூருக்குப் போய்விட்டார். பின்னாலேயே வால்ஸ்கிசும் போனார். சென்னை தடுமாறியது.

2021-22 சீசனில் மாண்டிநீக்ரோ நாட்டு பாண்டோவிச் பயிற்சியாளர். கொரோனாவால் எல்லா ஆட்டமும் கோவாவிலேயே நடந்தன. முதல் மூன்று ஆட்டத்தில் தோல்வி இல்லை. பிறகு கோல் வற்றியது.

ஜனவரி கதவு திறந்தது. கிளப் போன வருஷத்து மருந்தைத் தேடிப் போனது. ஜாம்ஷெட்பூரிலிருந்த வால்ஸ்கிசைத் திரும்ப அழைத்து வந்தார்கள். அப்போது அவருக்கு வயது 34.

அதே ஜனவரியில், அதே வாசல் வழியாக இன்னொருவர் வெளியே போனார். மிசோரம் பையன் லல்லியன்சுவாலா சாங்தே. வயது 24. போன இடம் மும்பை சிட்டி.

பிறகு நடந்தது என்ன?

பிப்ரவரியில் கோவாவிடம் 5-0 என்று தோற்றது சென்னை. பாண்டோவிச் வேலை போனது. தமிழ்நாட்டின் பழைய ஆட்டக்காரர் சபீர் பாஷா மிச்ச ஆட்டங்களைப் பார்த்துக்கொண்டார். 20 ஆட்டம், 20 புள்ளி, 11 டீமில் 8-வது இடம்.

வால்ஸ்கிசைக் கொடுத்த ஜாம்ஷெட்பூர் அழவில்லை. அவர் இடத்துக்கு ஈஸ்ட் பெங்காலிலிருந்து நைஜீரியாவின் டேனியல் சீமா சுக்வுவைக் கொண்டு வந்தது. அங்கே கோல் போட முடியாமல் ஏச்சு வாங்கியவர், கோய்ல் கையில் வந்ததும் அடுக்கடுக்காகப் போட்டார். 43 புள்ளியோடு லீக் கேடயம் ஜாம்ஷெட்பூருக்கு.

மும்பைக்குப் போன சாங்தே அடுத்த சீசனில் 10 கோல் போட்டார். மும்பைக்கு லீக் கேடயம். 2022-23-க்கான இந்தியாவின் சிறந்த கால்பந்து வீரர் விருதும் அவருக்கே.

"ஒரே மாசத்துல முத்தின தேங்காயைக் காசு கொடுத்து வாங்கிட்டு, குலை தள்ளப்போற கன்னைப் பிடுங்கிக் கொடுத்துட்டோம். எங்க அப்பாக்கிட்ட சொல்லியிருந்தா வேண்டாம்னு சொல்லியிருப்பாரு" என்பது ரசிகரின் குற்றப்பத்திரிகை.

வால்ஸ்கிஸ் மீது கோபம் இல்லையாம். "அவரு என்ன செய்வாரு? 2020-ல அவருக்குப் பந்து கொடுத்த ஆட்களும் இல்ல, அந்த கோச்சும் இல்ல. கோலை மட்டும் தனியா பார்சல் பண்ணி வாங்க முடியாதுங்க."

இதில் இன்னொரு வேடிக்கை. அந்த சீமா சுக்வு 2024-ல் சென்னையின் சட்டையே போட்டார். 2025 ஜனவரியில் கேரளா பிளாஸ்டர்சிலிருந்து அனுபவசாலி தடுப்பாட்டக்காரர் பிரீதம் கோட்டாலும் வந்து சேர்ந்தார். அந்த 2024-25 சீசனில் 13 டீமில் சென்னைக்குக் கிடைத்தது 11-வது இடம். அப்போது பயிற்சியாளர் யார்? 2023-ல் திரும்பி வந்த அதே கோய்ல்!

"அப்ப கோய்லும் போன வருஷத்து மருந்துதானே?" என்று டீக்கடை அண்ணாச்சி மடக்கினார்.

"ஆமா அண்ணாச்சி. அதை நான் இல்லைங்கல. முதல் வருஷம் ஆறாவது இடத்துக்கு ஏத்துனாரு, ரெண்டாவது வருஷம் இறங்கிருச்சு. பழைய ஆள் வந்தாலே பழைய காலம் வந்துரும்னு யாரு நினைச்சாலும் ஏமாத்தம்தான்" என்று ஒப்புக்கொண்டார் ரசிகர்.

கோவையில் நடந்த கதை

நடு சீசனில் வாங்கினால்தான் இப்படியா? விற்றால்?

அதற்குச் சாட்சி கோயம்புத்தூர். சென்னை சிட்டி எப்.சி. என்று ஒரு கிளப். பெயர் சென்னை, ஆடியது கோவை நேரு ஸ்டேடியத்தில். இது ஐ லீக் என்ற வேறு போட்டி.

2019 மார்ச் 9-ந் தேதி. கடைசி ஆட்டம். ஜெயித்தால் பட்டம், இல்லாவிட்டால் ஈஸ்ட் பெங்கால் தட்டிக்கொண்டு போய்விடும். மினர்வா பஞ்சாபை 3-1 என்று ஜெயித்தது சென்னை சிட்டி. 43 புள்ளி. ஈஸ்ட் பெங்காலுக்கு 42. ஒரே புள்ளியில் இந்திய சாம்பியன்! ஸ்பெயினிலிருந்து வந்த பெட்ரோ மான்சி அந்த சீசனில் போட்டது 21 கோல்.

அடுத்த சீசன் நடந்து கொண்டிருக்கும்போதே, 2020 ஜனவரியில், மான்சி ஜப்பானின் அல்பிரெக்ஸ் நீகாட்டா கிளப்புக்கு விற்கப்பட்டார். விற்றதில் தப்பில்லை. சின்ன கிளப்புக்கு அதுவும் ஒரு வருமானம். ஆனால் கோல் போட அடுத்த ஆள் தயாராக இல்லை. 2021-22 ஐ லீக் ஆரம்பித்தபோது பட்டியலில் அந்தக் கிளப்பே இல்லை. சாம்பியனாகி மூன்று வருஷம் கூட முடியவில்லை.

நம்ம பையன்களும் வெளியூரில்தான். கன்னியாகுமரி மாவட்டம் இரவிபுத்தன்துறையைச் சேர்ந்த மைக்கேல் சூசைராஜ் அந்தக் கிளப்பில் ஆடிப் பேர் வாங்கியவர். 2018-ல் ஜாம்ஷெட்பூருக்கும், அடுத்து கொல்கத்தாவுக்கும் போனார். சென்னைப் பையன் நந்தகுமாரும் அங்கே ஆடியவரே. டெல்லி, ஒடிசா என்று சுற்றி 2023-ல் ஈஸ்ட் பெங்கால் சேர்ந்தார். அந்த ஆகஸ்டு 12-ந் தேதி டூரண்ட் கோப்பையில் மோகன் பகானுக்கு எதிராக ஒரே கோல் போட்டார். நாலரை வருஷமாக பகானை ஜெயிக்க முடியாமல் கிடந்த ஈஸ்ட் பெங்கால் ரசிகர்கள் அவரைத் தலையில் தூக்கி வைத்து ஆடினார்கள்.

"கல்கத்தாவே நம்ம பையன் பேரைச் சொல்லிக் கத்துது. கேக்க சந்தோஷமாத்தான் இருந்துச்சு. ஆனா சட்டை நிறம்தான் வேற" என்கிறார் ரசிகர்.

சென்னையின் எப்.சி.யில் அப்படி யாரும் இல்லை என்பது அல்ல. வியாசர்பாடி தனபால் கணேஷ் இருந்தார். 2018 அரை இறுதியில் கோவாவுக்கு எதிராக அவர் தலையால் முட்டிய கோலை இந்த ரசிகர் இன்றும் எழுந்து நின்று நடித்துக் காட்டுகிறார். பிறகு காயம் அவரை உட்கார வைத்துவிட்டது.

யாருக்குத் திறப்பது?

அப்படியானால் ஜனவரியில் கிளப் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டுமா?

அவர் சொன்னதாவது:-

"அணை பாதி இருக்கும்போது கரையில உக்காந்து அழுதா ஆகுமா? தண்ணி இவ்வளவுதான்னு தெரிஞ்சதும் கூடிப் பேசுவாங்க. எந்தக் கண்மாய்க்கு எத்தனை நாள், யாரு மடையை எப்பத் திறக்கிறதுன்னு முறை வைப்பாங்க. முறை ஒழுங்கா இருந்தா குறைஞ்ச தண்ணியிலயும் நெல்லு வீட்டுக்கு வரும். முறை கெட்டா நிறைஞ்ச அணையிலயும் கடைமடை காயும். டீமும் அதேதான். நடு சீசன்ல பார்க்க வேண்டியது முறையை. ஆள் வேணும்னா வாங்கு, வேண்டாங்கல. ஆனா அந்த ஆள் எந்த வயலுக்குன்னு தெரிஞ்சு வாங்கு. போற போக்குல நாத்தங்காலை வித்துராதே."

இதில் விவரமும் இருக்கிறது. 2021-22 சீசனிலிருந்து மைதானத்தில் ஒரே நேரத்தில் 4 வெளிநாட்டவர்தான் இருக்கலாம் என்று விதி. மிச்சம் 7 பேர் நம் நாட்டு ஆட்கள். வெளிநாட்டு கோல்காரர் ஒருவரை அவசரமாக இறக்கினால் இன்னொரு வெளிநாட்டவர் பெஞ்சில் உட்கார வேண்டும். ஆனால் சாங்தே போன்ற ஓர் இந்திய வீரரை விட்டால், அந்த 7 பேரில் விழும் ஓட்டையை விமானத்தில் ஆள் கொண்டு வந்து அடைக்க முடியாது.

பந்தே உருளாத மழைக்காலம்

இத்தனை கணக்கும் போட்ட ரசிகருக்கு 2025-ல் வேறு அடி விழுந்தது.

ஐ.எஸ்.எல். நடத்தும் நிறுவனத்துக்கும் அகில இந்திய கால்பந்து சம்மேளனத்துக்கும் இருந்த ஒப்பந்தம் 2025 டிசம்பரோடு முடிவதாக இருந்தது. புது ஒப்பந்தம் ஆகவில்லை. கோர்ட்டு, கமிட்டி, டெண்டர் என்று இழுத்துக்கொண்டே போனது. செப்டம்பர் வாக்கில் ஆரம்பிக்க வேண்டிய சீசன் ஆரம்பிக்கவில்லை. கோய்லும் அதே வருஷம் கிளப்பை விட்டுப் போனார்.

அக்டோபர், நவம்பர், டிசம்பர் மூன்று மாதமும் ஐ.எஸ்.எல். பந்து உருளவில்லை. அப்பா வழக்கம் போல அணை மட்டம் பார்த்தார். மகனுக்குப் பார்க்கப் பட்டியலே இல்லை. டீக்கடையில் வேறு கிளப் ரசிகர்களும் வாயடைத்துப் போனார்கள். கேரளா கட்சி, பெங்களூர் கட்சி என்று சண்டை போட்டவர்கள் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து கிரிக்கெட் பேசினார்கள்.

"கடைசி இடத்துல கிடந்தப்ப எவ்வளவு திட்டியிருப்பேன்! 18 ஆட்டத்துல 2 வெற்றின்னு கேலி பண்ணுனப்ப சட்டையைக் கூட மறைச்சு வச்சிருக்கேன். ஆனா அந்த மூணு மாசம்தான் ஒண்ணு புரிஞ்சுது. தோத்தா மறுநாள் பேச ஏதாவது இருக்கு. ஆட்டமே இல்லைன்னா அதுவும் இல்ல. அடிமட்டத்துல இருக்கிற தண்ணியைப் பார்த்துக்கிட்டாவது இருக்கலாம். வறண்ட அணையை யாரு எட்டிப் பார்ப்பா?" என்று கேட்கிறார்.

ஷிப்டு சங்கு ஊதியது. டீக் காசைக் கல்லாவில் வைத்துவிட்டு சைக்கிளை எடுத்தார்.

"அடுத்த ஜனவரியில யாரை வாங்கச் சொல்றே?" என்று அண்ணாச்சி விடவில்லை.

"வாங்குறது அப்புறம் அண்ணாச்சி. இருக்கிற பையன்ல எவனையும் விட்ராம இருக்கட்டும். அது போதும்."

இரண்டு கோப்பை, ஒரு தரம் இறுதியில் தோல்வி, பல தரம் அடி வரிசை. பத்து வருஷத்துக்கு மேல் பார்த்த கணக்குப் பிள்ளை சொல்கிறார். கிளப் காதில் விழுமா?